ஒரு பக்கம் க்ராஸ் போட்டால் முட்டை, மறு பக்கம் போட்டால் ஒன்றுமே இல்லை: என் பழ ஈக்களுக்கு என்ன ஆச்சு?

ராயபுரம் ராட்டினம்:

எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வடசென்னையில்தான் கல்லூரி, பெயர் வேண்டாமே. ப்ராஜெக்டுக்குப் பழ ஈ எடுத்திருக்கிறேன். ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். வாழைப்பழம் கொஞ்சம் கனிந்ததும் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பொடிசு. தலைப்பு ஒன்றும் பெரிதில்லை, லேப் ஈ எத்தனை முட்டை இடுகிறது, ஊர் ஈ எத்தனை இடுகிறது, இரண்டையும் கலந்தால் எத்தனை என்று எண்ணுவது, அவ்வளவுதான். சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

லேப் ஈ கேன்டன்-எஸ், லேபிலேயே பல காலமாக வளர்த்துவரும் ஒரு வகை. ஊர் ஈயைக் கல்மண்டபம் பக்கம் ஒரு ஜூஸ் கடையில், பழத்தோல் கொட்டுகிற டிரம்முக்குப் பக்கத்தில் பிடித்தேன். தண்ணீர் பாட்டிலில் கனிந்த பூவன் பழத்துண்டு போட்டு, வாயில் பேப்பர் கூம்பு செருகி அரை நாள் வைத்தால் போதும். கடை அண்ணன் "இதுக்கா காலேஜ்ல ஃபீஸ் கட்டுற" என்று கேட்டார், ஆனால் மறுநாள் போனபோது அவரே பாட்டிலை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தார். மூன்று தலைமுறை லேபில் வளர்த்த பிறகுதான் க்ராஸ் போட்டேன். மீடியா வழக்கமானதுதான்: ரவை, வெல்லம், அகார், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் புரோப்பியானிக் ஆசிட், மேலே ஈஸ்ட்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். கேன்டன்-எஸ் பெண்ணோடு ஊர் ஆணைப் போட்டேன். இதை முதல் க்ராஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெண்ணோடு கேன்டன்-எஸ் ஆணைப் போட்டது இரண்டாவது. இரண்டிலும் குஞ்சுகள் நன்றாக வந்தன. அந்தக் குஞ்சுகளில் மகள்களை மட்டும் எடுத்து, குப்பிக்கு ஒன்று வீதம், கேன்டன்-எஸ் ஆண்களோடு விட்டேன். (வயல் என்று எழுதினால் நெல் நட்டது போல இருக்கிறது, அதனால் குப்பி.) இரண்டாவது க்ராஸின் மகள்கள் 12 குப்பியிலும் முட்டை இட்டு, லார்வா நெளிகிறது. முதல் க்ராஸின் மகள்கள் 12 குப்பியில் 9 காலி. முட்டையே இல்லை. மீதி மூன்றிலும் நாலைந்துதான்.

சார் மீடியா கெட்டிருக்கும் என்கிறார், அப்புறம் வர்ஜின், அதாவது இன்னும் ஆணோடு சேராத பெண் ஈ, ஒழுங்காக எடுத்திருக்க மாட்டாய் என்கிறார். மீடியா ஒரே பாத்திரத்தில் காய்ச்சி இரண்டுக்கும் ஊற்றியதுதான். தோழி ம்யூட்டேஷன் என்கிறாள். இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், க்ராஸ் போட்ட அன்று சாயங்காலமே இன்குபேட்டர் நின்றுவிட்டது, மெக்கானிக் வர பத்து நாள் ஆனது, அதுவரை எல்லாக் குப்பியும் மேஜை மேல்தான் இருந்தது, தெர்மாமீட்டர் 29, 30 காட்டியது. ஏப்ரல் மாதம், ஃபேன் மட்டும்தான். இது ம்யூட்டேஷனா, சூடா, இல்லை நான் ஏதாவது சொதப்பிவிட்டேனா?

கொருக்குப்பேட்டை கேட்:

சொந்த ஊர் தண்டையார்பேட்டை, இப்போது வேறு ஊரில் பிஎச்.டி., ஈதான் வேலை. பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: எங்கே நின்றது? ரயில் நின்றுவிட்டது என்று சொன்னால் போதாது, எந்த கேட்டில் நின்றது என்று சொல்ல வேண்டும். இரண்டு ஈ கலந்து சந்ததி வராமல் போக ஏகப்பட்ட காரணம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் நிற்கிற இடம் வேறு.

முதல் க்ராஸில் இட்ட முட்டையே பொரியாமல் போயிருந்தால் நான் வோல்பாக்கியாவைச் சந்தேகப்படுவேன். அது பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா, புதுச்சேரி ஐசிஎம்ஆர் மையத்தில் டெங்கு கொசுவுக்குள் புகுத்தி வளர்த்தார்களே, அதே சாமான். அது இருக்கிற ஆணும் இல்லாத பெண்ணும் சேர்ந்தால் கரு செத்துவிடும், திருப்பிப் போட்டால் ஒன்றும் ஆகாது. அதுவும் ஒரு பக்கக் கோளாறுதான், அதனால் பலர் அங்கேயே ஏமாறுவார்கள். உங்களுக்கு முதல் தலைமுறை நன்றாக வந்துவிட்டது, ஆகவே அது இல்லை.

அடுத்தது, ஊர் ஈ உண்மையிலேயே மெலனோகாஸ்டர்தானா? நம் பக்கத்தில் அனனாசே என்ற இனம் பழக்கடை முழுக்க இருக்கும். அது மெலனோகாஸ்டரோடு சந்ததி தராது, ஆகவே அதுவும் கழிந்தது. சிமுலன்ஸ் என்று மெலனோகாஸ்டரின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று உண்டு, அதன் ஆணை மெலனோகாஸ்டர் பெண்ணோடு போட்டால் மகள்கள் மட்டும் பிழைப்பார்கள், மகன்கள் சாவார்கள், பிழைத்த மகள்களும் மலடு. ஸ்டர்ட்டிவன்ட் 1920லேயே கண்ட விஷயம். எனவே உங்கள் முதல் க்ராஸில் மகன்கள் பிறந்தார்களா, சொல்லுங்கள்.

மூன்றாவது, மகள்களோடு விட்ட கேன்டன்-எஸ் ஆண்கள் எங்கே வளர்ந்தவை? 30 டிகிரியில் வளர்ந்த ஆண் மலடாகிவிடும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஆண் மலடாக இருந்தாலும் பெண் முட்டை இடத்தான் செய்யும், பொரியாது, அவ்வளவுதான். முட்டையே இல்லை என்கிறீர்கள். நன்றாகப் பார்த்தீர்களா? மீடியா பழுப்பு, முட்டை வெள்ளை, பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரிசி நொய் மாதிரி இரண்டு கொம்போடு தெரியும்.

தோழி சொன்ன ம்யூட்டேஷனுக்கு ஒரு வார்த்தை. பெண்ணை மலடாக்கும் ஜீன்கள் இந்த ஈயில் நிறையத் தெரியும். ஓவோ, ஒட்டு, பேம் என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் மகள்களைப் பொறுத்தவரை உங்கள் இரண்டு க்ராஸும் ஒன்றுதான். ஒரு எக்ஸ் குரோமோசோம் லேப் ஈயிடமிருந்து, ஒரு எக்ஸ் ஊர் ஈயிடமிருந்து, மற்ற குரோமோசோம்களும் பாதிக்குப் பாதி. உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவில் வித்தியாசமே கிடையாது. வித்தியாசம் எந்தத் தாயின் முட்டையில் உட்கார்ந்து வளர்ந்தது என்பதில் மட்டும்தான். சாதாரண ம்யூட்டேஷன் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

தாய் வழிக் கோளாறும் உண்டு. ஆஸ்கர், டியூடர் போன்ற ஜீன்கள் தாயிடம் கெட்டுப்போனால் பிள்ளை பிறக்கலாம், அந்தப் பிள்ளைக்கு இனச்செல் இருக்காது. பேரன் பேத்தி இல்லாத ம்யூட்டேஷன் என்றே அந்த வகைக்குப் பெயர். ஆனால் உங்கள் கேன்டன்-எஸ் ஸ்டாக்கில், அதாவது லேபில் வழிவழியாக ஓட்டும் அந்தக் கூட்டத்தில், அது இருந்திருந்தால் ஸ்டாக் அடுத்த தலைமுறையிலேயே அழிந்திருக்கும். எத்தனை வருடமாக ஓடுகிறது அந்த ஸ்டாக்?

ராயபுரம் ராட்டினம்:

அண்ணா, மகன்கள் வந்தார்கள், இரண்டு க்ராஸிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஊர் ஆண்களுக்கு வயிற்று நுனி கறுப்பு, முன்காலில் சீப்பு போன்ற முள்வரிசை ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஆகவே அனனாசே இல்லை. மகள்களோடு விட்ட ஆண்கள் இன்குபேட்டர் சரியான பிறகு 25ல் வளர்ந்தவை. ஸ்டாக் எனக்கு முந்தைய நாலு பேட்ச் ஓட்டியது. வர்ஜின் எட்டு மணி நேரத்துக்குள் எடுத்ததுதான், அதற்காகக் காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வந்தேன், அதைச் சொன்னால் சார் நம்பமாட்டார்.

முட்டையை லென்ஸ் வைத்துத் திரும்பப் பார்த்தேன். ஒன்பதிலும் இல்லை.

பெரம்பூர் டீச்சர்:

ராட்டினம், நீ எதையும் சொதப்பவில்லை. முப்பது வருடம் மரபியல் பாடம் எடுத்தவள் சொல்கிறேன், சூட்டையும் திசையையும் சேர்த்து எழுதியிருக்கிறாய் பார், அதில்தான் பதில் இருக்கிறது. இரண்டு க்ராஸும் ஒரே மேஜையில் ஒரே சூட்டில் இருந்தன, ஒன்று தப்பியது, ஒன்று மாட்டியது. ஆகவே சூடு மட்டும் காரணம் இல்லை, ஆனால் சூடு இல்லாமல் இவ்வளவு மோசமாகவும் ஆகியிருக்காது.

இதற்கு ஹைப்ரிட் டிஸ்ஜெனிசிஸ் என்று பெயர். மார்கரெட் கிட்வெல், ஜேம்ஸ் கிட்வெல், ஜான் ஸ்வெட் மூன்று பேரும் 1977இல் இதை விவரமாக எழுதினார்கள். ஊரில் பிடித்த ஆணையும் பழைய லேப் பெண்ணையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு முட்டை உருவாகும் உறுப்பான கருவகம் சுருங்கிப்போகிறது, ம்யூட்டேஷன் அதிகமாகிறது, குரோமோசோம் உடைகிறது, ஆண் ஈயில் சாதாரணமாக நடக்காத ரீகாம்பினேஷன், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடக்கிறது. திருப்பிப் போட்டால் எதுவுமில்லை. தகப்பன் பக்கத்தை பி என்றும் தாய் பக்கத்தை எம் என்றும் எழுதினார்கள்.

பிறகு, 1982 வாக்கில், காரணம் கையில் சிக்கியது. பி எலிமென்ட் என்ற தாவும் டிஎன்ஏ. மொத்தமே 2907 எழுத்து, இரண்டு முனையிலும் 31 எழுத்துள்ள ஒரே வரிசை தலைகீழாக. தன்னை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்ட ஒரு என்சைமை அதுவே தயாரித்துக்கொள்ளும், டிரான்ஸ்போசேஸ். ஊர் ஈயின் ஜீனோமில் இது 30, 50 பிரதி கிடக்கும். வெட்டுகிற இடத்தில் டிஎன்ஏ இரண்டு இழையும் அறுந்துபோகும். ஒன்றிரண்டு என்றால் செல் தைத்துக்கொள்ளும், நிறைய ஆனால் செல் செத்துவிடும். முட்டையாக வேண்டிய செல்கள் கருவிலும் லார்வாவிலும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும், அதில் சூடு கூடியது என்றால் மொத்தமும் காலி. 29 டிகிரியில்தான் இந்தச் சோதனையை வேண்டுமென்றே செய்வார்கள், உனக்கு இன்குபேட்டர் பழுதாகித் தானாகவே நடந்துவிட்டது.

சரி, அப்படியானால் கேன்டன்-எஸ் ஏன் எம்? அதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கேன்டன்-எஸ், ஓரிகன்-ஆர் எல்லாம் போன நூற்றாண்டின் முதல் பாதியில் பிடித்து பாட்டிலில் அடைத்தவை. அப்போது மெலனோகாஸ்டரில் பி எலிமென்டே இல்லை. பிறகு எப்போதோ, அந்த நூற்றாண்டின் நடுவில், தென் அமெரிக்கப் பக்கம் இருக்கும் வில்லிஸ்டோனி என்ற வேறு இனத்திலிருந்து அது மெலனோகாஸ்டருக்குத் தாவியது. இரண்டின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டால் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், இத்தனைக்கும் இரண்டு இனமும் பிரிந்து கோடிக்கணக்கான வருடம். இரண்டு ஈயின் முட்டையையும் மாறி மாறிக் கடிக்கிற ஒரு உண்ணி கொண்டுவந்திருக்கலாம் என்று சந்தேகம். சில பத்து வருடத்தில் உலகம் முழுக்க ஊர் ஈக்களில் பரவிவிட்டது. பாட்டிலுக்குள் இருந்தவை மட்டும் தப்பின. உன் ஜூஸ் கடை ஈயின் கொள்ளுப்பாட்டிக்கு வந்த சங்கதி உன் லேப் ஈயின் கொள்ளுப்பாட்டிக்குத் தெரியாது.

இப்போது திசை. பி எலிமென்ட் உள்ள தாய் முட்டை இடும்போது, அந்த எலிமென்டை அடக்கி வைக்கும் சின்னச் சின்ன ஆர்என்ஏக்களையும் முட்டைக்குள் போட்டு அனுப்புகிறாள். பை-ஆர்என்ஏ என்று பெயர், இருபத்துச் சொச்சம் எழுத்து நீளம். அது தாய் வீட்டுச் சீதனம் மாதிரி, தாயிடம் இருந்தால்தான் மகளுக்குக் கிடைக்கும். விந்தணுவில் அதற்கு இடமில்லை. உன் இரண்டாவது க்ராஸில் தாய் ஊர் ஈ, எலிமென்டும் வந்தது, அதை அடக்கும் சரக்கும் கூடவே வந்தது. முதல் க்ராஸில் தகப்பன் எலிமென்டை மட்டும் கொண்டுவந்தான், கேன்டன்-எஸ் தாய்க்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது, முட்டையில் வைத்து அனுப்ப எதுவும் இல்லை. 2008இல் ப்ரென்னெக்கேயும் ஹானனும் மற்றவர்களும் இதைக் காட்டினார்கள். அதுவரை முப்பது வருடம் தாயின் சைட்டோடைப் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பாடம் ஓட்டினோம், உள்ளே என்ன என்று மாணவர்கள் கேட்டால் மணி அடித்துவிட்டது என்று சொல்லிவிடுவோம்.

இன்னொன்று கவனித்தாயா, உன் மகள் ஈக்கள் பார்க்க நன்றாகத்தானே இருந்தன? கண், இறக்கை, முதுகு மயிர் எல்லாம் சரியாக. ஜீனின் நடுவில் வரும், புரதம் செய்யும் முன் ஆர்என்ஏவிலிருந்து வெட்டி எறிய வேண்டிய துண்டுக்கு இன்ட்ரான் என்று பெயர். பி எலிமென்டின் ஜீனில் கடைசி இன்ட்ரான் இனச்செல்லில் மட்டும்தான் வெட்டி நீக்கப்படுகிறது. உடம்புச் செல்லில் அது அப்படியே நிற்கும், முழு டிரான்ஸ்போசேஸ் உருவாகாது. 1986இல் லாஸ்கி, ரியோ, ரூபின் கண்டது. அதனால் உடம்பு தப்புகிறது, கருவகம் மாட்டுகிறது. அந்த எலிமென்டின் பக்கத்திலிருந்து யோசித்தால் சரியான புத்தி. உடம்புச் செல்லில் தாவி என்ன லாபம், அடுத்த தலைமுறைக்குப் போகாதே.

மின்ட் முனை:

நான் பயாலஜி இல்லை, கணக்கு எழுதுகிறவன், சும்மா படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் குழந்தை இல்லை என்றால் முதலில் வீட்டுக்கு வந்த பெண்ணைத்தான் கேட்பார்கள், கோயில் குளம் ஆஸ்பத்திரி எல்லாம் அவளுக்குத்தான், பையனை டெஸ்டுக்குக் கூப்பிட்டால் மாமியார் கோபித்துக்கொள்வார். இங்கே பார்த்தால் நைனா கொண்டுவந்த வினையாக இருக்கிறது. ஒரு சந்தேகம், மனுஷனுக்கும் இப்படி உண்டா? எம்.சி. ரோடு பக்கம் போனால் கருத்தரிப்பு மையத்தின் போர்டுதான் ஜவுளிக்கடை போர்டுக்குப் போட்டியாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட்:

அண்ணே, நைனா மேல் மட்டும் பழி போடாதீர்கள். அந்த ஆணின் சொந்த ஊர்க் குடும்பத்தில் அதே எலிமென்டோடு எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். கேன்டன்-எஸ் தாயும் தன் குடும்பத்தில் சுகம். இரண்டும் சேரும்போதுதான் கோளாறு, அதுவும் ஒரு திசையில். யார் குற்றம் என்று கேட்டால் பதில் வராது.

மனிதனுக்கு பி எலிமென்ட் கிடையாது, ஊர் மாறிக் கல்யாணம் பண்ணினால் இப்படி ஆகும் என்றெல்லாம் எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், யாராவது வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். ஆனால் நம் ஜீனோமிலும் கிட்டத்தட்ட பாதி தாவும் டிஎன்ஏவும் அதன் மிச்சமும்தான். பெரும்பாலானவை செத்துக் கிடக்கின்றன, எல்-1 என்ற ஒரு வகையில் சில மட்டும் இன்னும் ஓடும். அதை அடக்க நமக்கும் பை-ஆர்என்ஏ உண்டு. எலியில் மிலி, மிவி-2 என்ற ஜீன்களை நீக்கினால் எல்-1 கட்டவிழ்ந்து ஆண் எலி மலடாகிறது, பெண் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. 2021இல் பிஎன்எல்டிசி1 என்ற ஜீன் கெட்டுப்போன சில ஆண்களுக்கு விந்தணு உருவாகவில்லை என்று தெரியவந்தது, அதுவும் இதே பாதையில் வேலை செய்கிற ஜீன்தான். மிக அபூர்வம். உங்கள் தெருக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது, இரண்டு பேரையும் ஒரே நாளில் டெஸ்டுக்குக் கூட்டிப்போங்கள் என்பதுதான், ஈ வரைக்கும் போக வேண்டாம்.

அந்த ஜீன்களின் பெயர்க்கதை ஒன்று உண்டு. 1990களில் பி எலிமென்டை வேண்டுமென்றே ஈக்குள் தாவவிட்டு, எந்த ஜீனில் போய் விழுந்து கெடுக்கிறது என்று பார்த்து புது ஜீன்களைக் கண்டுபிடிப்பார்கள். அப்படிக் கெட்டு விந்தகம் சுருங்கிப்போன ஒரு ஜீனுக்குப் பெயர் வைத்தார்கள், பி-எலிமென்ட் இன்டியூஸ்டு விம்பி டெஸ்டிஸ், சுருக்கமாக பிவி. பி எலிமென்டால் நோஞ்சானான விந்தகம் என்று அர்த்தம். லின், ஸ்ப்ராட்லிங் இருவரும் 1997இல் எழுதினார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த பிவி குடும்பப் புரதங்கள்தான் பை-ஆர்என்ஏவைக் கையில் பிடித்துக்கொண்டு தாவும் எலிமென்ட்களை அடக்குகின்றன. மிலி, மிவி என்பதெல்லாம் அதன் எலிப் பெயர்கள். பூட்டை உடைத்த திருடன் பெயரையே பூட்டுக்கு வைத்த மாதிரி.

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் ராட்டினம் இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஐ-ஆர் என்று இன்னொரு டிஸ்ஜெனிசிஸ் உண்டு, பிரான்ஸில் கண்டது, அதுவும் ஊர் ஆண், பழைய லேப் பெண் திசையில்தான் வரும். அதில் மகள்கள் முட்டை இடுவார்கள், பொரியாது. குளிர்ச்சியில்தான் அது மோசமாகும், சூட்டில் குறையும். பி-எம் நேர் எதிர், சூட்டில் மோசம், கருவகமே வளராது. ஆகவே இரண்டே வேலை. ஒன்று, முதல் க்ராஸை மறுபடி போட்டுப் பாதியை 29லும் பாதியை 22லும் வளருங்கள், இரண்டாவது க்ராஸும் கூடவே. இரண்டு, மகள்கள் மூன்று நாலு நாள் வயதானதும் இரண்டு கண்ணாடி ஸ்லைடுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து அழுத்துங்கள். கருவகம் இருந்தால் முட்டைகள் பிதுங்கி வரும். இல்லை என்றால் வெறும் கொழுப்புதான்.

ராயபுரம் ராட்டினம்:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் மாடல் எக்ஸாம்.

29 டிகிரியில் முதல் க்ராஸின் மகள்கள் 20 பேரை அழுத்திப் பார்த்தேன், 14ல் முட்டை இல்லை, ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அதே 29ல் இரண்டாவது க்ராஸ் 20ல் 19ல் முட்டை பிதுங்கி வந்தது. 22ல் முதல் க்ராஸ் 20ல் 2 மட்டும் காலி. 22 டிகிரிக்கு ஏசி ரூம் கிடைக்க ஹெச்.ஓ.டி. மேடத்திடம் மூன்று முறை போய் நின்றேன், கடைசியில் அவர் மேஜை ஓரத்திலேயே ஒரு ட்ரேயை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு குப்பியின் பஞ்சு கழன்று ஈ வெளியே வந்து அவர் டீயில் விழுந்தது. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு "மீடியா இல்லை போல" என்றார். அவ்வளவுதான், ஆனால் எனக்குப் போதும்.

தலைப்பை "பி எலிமென்டால் ஏற்படும் மலட்டுத்தன்மை" என்று மாற்றலாமா?

கொருக்குப்பேட்டை கேட்:

அருமையான டேட்டா. தலைப்பை மட்டும் அப்படி வைக்காதீர்கள். நீங்கள் காட்டியிருப்பது திசை, சூடு, கருவகம் மூன்றும் பி-எம் முறைக்குப் பொருந்துகிறது என்பது. பி எலிமென்டை நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. வைவாவில் வெளியிலிருந்து வருகிறவர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். பிசிஆர், அதாவது குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்கும் சோதனை, செய்ய வழி இருந்தால் ஊர் ஈ, கேன்டன்-எஸ் இரண்டிலும் பி எலிமென்டை அடையாளம் பிடிக்கும் பிரைமர் போட்டுப் பாருங்கள், ஒன்றில் பட்டை வரும், இன்னொன்றில் வரக்கூடாது. வந்தால் உங்கள் கேன்டன்-எஸ்ஸில் யாரோ எப்போதோ ஊர் ஈயைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம், நாலு பேட்ச் கைமாறிய ஸ்டாக்கில் அதுவும் நடக்கும். பிசிஆருக்கு வழி இல்லை என்றால் மைசூர் பல்கலைக்கழகத்து ட்ரோசோஃபிலா ஸ்டாக் மையத்தில் நன்றாகத் தெரிந்த பி ஸ்டாக் கிடைக்குமா என்று உங்கள் சார் மூலம் கேளுங்கள். அதன் ஆணை உங்கள் ஊர்ப் பெண்ணோடு போட்டு மகள்கள் நன்றாக இருந்தால் ஊர்ப் பெண்ணிடம் அடக்கும் சக்தி இருக்கிறது என்று நிரூபணம்.

20க்கு 14 என்பதும் நியாயமான எண்தான். ஊர் ஈ எல்லாம் ஒரே வலிமை இல்லை, சில ஊர் ஈக்களில் பி எலிமென்ட் நிறைய இருந்தும் பெரும்பாலும் அரைகுறைப் பிரதிகளாக இருக்கும், நடுவில் அறுந்தவை. அவை தாவாது, சில சமயம் முழுப் பிரதியைத் தடுக்கவும் செய்யும். முழு 20ம் காலியாகியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ராயபுரம் ராட்டினம்:

சரி அண்ணா, தலைப்பில் கைவைக்கவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். முதல் பேட்சில் காலியாக இருந்த 9 பெண்களைக் கொட்ட மனமில்லாமல் மீடியா மட்டும் மாற்றிக்கொண்டே வந்தேன், ஆண்களையும் புதிதாக விட்டேன். நாலு செத்துவிட்டன. மூன்றாவது வாரம் இரண்டு குப்பியில் லார்வா இருக்கிறது. நான் லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேனா?

பெரம்பூர் டீச்சர்:

லேபிள் சரியாகத்தான் இருக்கும். 2011இல் குரானாவும் தியர்காஃபும் மற்றவர்களும் இதையே பார்த்தார்கள். டிஸ்ஜெனிக் பெண்கள் இளவயதில் மலடு, மூன்று வாரம் போனால் சிலருக்கு முட்டை வர ஆரம்பிக்கிறது. தாயிடமிருந்து கிடைக்காத பை-ஆர்என்ஏவை, தகப்பன் கொண்டுவந்த டிஎன்ஏவிலிருந்தே அவள் மெல்ல மெல்லத் தயாரித்துக்கொள்கிறாள். கூடவே தாவித்திரிந்த எலிமென்ட்களில் சில, அடக்கும் ஆர்என்ஏ உற்பத்தியாகும் பகுதியிலேயே போய் விழுகின்றன, விழுந்தால் அது நிரந்தரமாக அடுத்த தலைமுறைக்கும் போகும். கருவகம் முழுதாகப் போனவளுக்கு இது நடக்காது. இந்த இரண்டு பேருக்கும் எங்கேயோ ஒன்றிரண்டு ஸ்டெம் செல் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு குப்பியையும் தனி நம்பர் போட்டுத் தனி ட்ரேயில் வை, ஏசி ரூமில், டீ கப்புக்குத் தள்ளி. அதில் பிறக்கும் மகள்களை வர்ஜினாக எடுத்து ஊர் ஆணோடு 29ல் போடு. அவர்களின் மகள்களை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுது.